அறுபத்து நான்காவது நாள்

தாப்பாவில் புதன்கிழமை சிறார் நீதிமன்றம்.
கதவைச் சாத்திவிட்டுத்தான் நடக்கும்.
கூண்டு கிடையாது. நீள மேசை ஒன்று,
அதன்மேல் யாரோ மறந்துவிட்டுப் போன பிஸ்கட் டின்.
நான் மொழிபெயர்ப்பாளர்.
மலாயில் வருவதைத் தமிழில் இறக்கி
தமிழில் வருவதை மலாயில் ஏற்றி அனுப்புகிறவள்.
பதினோரு வருடமாக இந்த ஏற்றுகூலி, இறக்குகூலி.

கிஷோதரன், த/பெ சன்னாசி. வயது பதினான்கு.
பொந்தேங், அறுபத்து மூன்று நாள்.
பொந்தேங்கை எப்படிச் சொல்வது?
'அனுமதியின்றி வாராமை' என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்.
வாயில் வந்தது மட்டம் போடுதல்.
அவன் அம்மா அமராவதி
அதற்கு முன்பே அழ ஆரம்பித்திருந்தார்.
எந்தச் சொல்லுக்கு என்று தெரியவில்லை.

வேன்காரர் ஆ கியோங் சாட்சி:
ஒரு நாள்கூட விட்டதில்லை. ஏறினான், இறங்கினான்.
மாதம் எழுபது வெள்ளி, அம்மா பாக்கி வைத்ததில்லை.

வேனில் வந்தவன். வகுப்புக்கு வராதவன்.
கேட்டுக்கும் கரும்பலகைக்கும் நடுவே
நூற்றைம்பது அடி, அதில் எங்கே தொலைந்தாய்?
கேள்வி மஜிஸ்திரேட் புவான் நோராய்னியுடையது.
அடிக் கணக்கு நான் சேர்த்தது.
சேர்த்திருக்கக் கூடாது.

சட்டைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்தான்.
முனை மடிந்த நாற்பது பக்க நோட்டு.
எண்ணெய் மில்லுக்கு எதிரே ஒரு டயர் கடை,
அங்கே உட்கார்ந்தால் நிறுவை மேடையின்
சிவப்பு எண்கள் தெரியுமாம்.

"உள்ள போறப்போ லாரியும் பழமும்.
வெளிய வர்றப்போ வெறும் லாரி.
கழிச்சா, பழம்."

(கணக்குப் பாடத்தில் அவனுக்குப் பதினொரு மதிப்பெண்.
நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை, இரண்டாம் பக்கம்.)

"அப்பா ஆளுங்க வெட்டுற பழம்.
காண்ட்ராக்டர் சிட்டையில தினமும் குறையும்.
ஒரு நாள் எண்ணூறு கிலோ.
ஒரு நாள் ஒரு டன்னு."

தேதி, லாரி எண், மில் எடை, சிட்டை எடை, குறை.
பள்ளிப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்த
அதே அறுபத்து மூன்று தேதிகள்
இங்கே நீல மையில்.

காண்ட்ராக்டர் பெயரைச் சொல்லிவிடுவானோ என்று
மேசைக்கு அடியில் சன்னாசி
மகனின் முழங்காலை அழுத்தினார்.
நான் உட்கார்ந்த இடத்துக்கு அது தெரிந்தது.
மொழிபெயர்க்கவில்லை.

ஆலோசகர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தாதி.
பேனாவால் இரண்டு வரியைக் கழித்துப் பார்த்தார்.
சரியாக வந்திருக்க வேண்டும்,
கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.
"இது இன்றைய வழக்கில் இல்லை"
என்றார் புவான் நோராய்னி, மெதுவாக,
நோட்டைத் திருப்பித் தராமல்.

உத்தரவு: மூன்று மாதத்துக்கு ஓர் அட்டை.
காலையில் ஆசிரியர் கையெழுத்து, மதியம் இன்னொன்று.
வாசிப்பில் பின்தங்கியவன், தனி வகுப்பு தரவேண்டும்.
மலாயில் நான்கு வாக்கியம்.
தமிழில் எனக்கு ஆறாகிவிட்டது.
நோட்டு வேறொரு கோப்புக்குப் போகும்.
எந்தக் கோப்பு என்று யாரும் சொல்லவில்லை.
கேள்வி கேட்பது என் வேலையில் இல்லை.

வெளியே படிக்கட்டில் மழை.
நோட்டு இருந்த இடத்தில்
அட்டையை நனையாமல் செருகிக்கொண்டான்.
அப்பாவும் அம்மாவும் பஸ் நேரம் பார்க்கப் போயிருந்தார்கள்.

"அக்கா, இன்னைக்கு புதன். ஸ்கூல் இருக்கு.
நான் இங்க வந்துட்டேன்.
இந்த நாள அவங்க
என்னன்னு போடுவாங்க?"