நாற்பத்தைந்து ஹூ தினை

கயிறு பிடித்து அளந்தவன் நான்.
குதிரின் சுற்று முப்பத்தாறு சாண், தினை நின்ற உயரம் பதினைந்து.
அந்த மட்டத்தில் சுவரில் ஒரு கோடு கீறினேன்.
சுற்றைச் சுற்றால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி,
பன்னிரண்டால் வகுத்து,
மூங்கில் பட்டையில் மை காயுமுன் படித்துக் காட்டினேன்:
ஆயிரம் ஹூ. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
அதிகாரி சிரித்தார்; முழு எண் என்றால் அவருக்குப் பிடிக்கும்.

வசந்தத்தில் குதிரைத் திறந்து அளந்தார்கள்.
தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து, ஒரு கைத் தூசி.

காவலன் யின் துவோ, "எலி" என்றான்.
பத்தாவது அடியில் "ஈரம்" என்றான்.
முப்பதாவது அடியில்
"நான்தான்" என்றான்.
கழுதையை விற்றான், தறியை விற்றான்,
நாற்பத்தைந்து ஹூ கொண்டுவந்து கொட்டினான்.
என் கணக்கு நேரானது.

ஆனால் தினை
நான் கீறிய கோட்டைத் தாண்டி
முக்கால் சாண் ஏறி நின்றது.

யாரும் அதைப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.
மறுநாள் மணலில் ஒரு வட்டம் போட்டேன்.

விட்டத்தைப்போல் மூன்று மடங்கு சுற்று, என்பது விதி.
உள்ளே ஆறு நாண்கள் வரைந்தால் தெரிகிறது,
அந்த மூன்று அறுகோணத்தின் மூன்று.
அளந்தது வட்டத்தை, வகுத்தது அறுகோணத்தால்.
பன்னிரண்டாக வெட்டினேன். இருபத்துநான்கு. நாற்பத்தெட்டு.
இருப்புக்குச் சிவப்புக் குச்சி, கடனுக்குக் கறுப்பு,
வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாகப் பாயெல்லாம் பரப்பினேன்.
ஒவ்வொரு வெட்டுக்கும் விளிம்பில்
நகம் நறுக்கிய துண்டுபோல் ஒன்று மிஞ்சும்.
லோ ஆறு நான்கு முறை உறைந்து உருகியது.

புதிய அதிகாரி பட்டைகளைப் புரட்டினார்.
"வரி விதியில் மூன்று என்றுதானே இருக்கிறது?"

மாங் மலைச் சரிவில், முள்ளங்கிப் பாத்தியில்,
ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தான் யின் துவோ.
"அந்தத் தினை இருந்ததே இல்லை," என்றேன்.
"நீ எடுக்கவில்லை."

"எனக்குத் தெரியுமே," என்றான்.

நான்கு குளிர்காலத்தில் ஒருமுறைகூட
இது எனக்குத் தோன்றவில்லை.

கதவருகில் நின்ற அவன் மனைவி கேட்டாள்,
"கணக்கு முடிந்துவிட்டதா?"
"தொண்ணூற்றாறு பக்கம்வரை.
இன்னும் கொஞ்சம் பிசகு இருக்கிறது,
ஒரு ஹூகூட வராது."

"ஒரு ஹூ," என்றாள் அவள்,
"எங்களுக்கு இருபது நாள்."