பெட்டி விழுந்தது

பாசுண்டாங் கிடங்கு, ஏழாம் வாசல்.
செவ்வாய், பகல் இரண்டே கால்.
தாய்லாந்துக் கண்ணாடி, பெட்டிக்கு நாற்பது.

அறிக்கை ஆங்கிலத்தில் வேண்டும்.
சிங்கப்பூர் இன்ஷூரன்ஸ்காரனுக்கு
வேறெந்த மொழியிலும் எதுவும் உடைவதில்லை.

'த பாக்ஸ் வாஸ் ஃபாலன்' என்று எழுதிக்கொண்டு போனேன்.
ஊ சான் வின் பச்சை மையால் சுழித்தார்.
"விழுதலுக்குச் செயப்பாட்டு வினை கிடையாது, மா மதூ.
விழுகிறது என்றால் விழுகிறது.
யாரும் எதையும் விழ முடியாது."

சரி.
பெட்டி விழுந்தது. கண்ணாடிகள் உடைந்தன.
கழுவித் துடைத்த இரண்டு வாக்கியங்கள்.
கை இல்லை, லிவர் இல்லை,
ஃபோர்க்லிஃப்டின் மஞ்சள் இல்லை,
கன்னத்தில் தனக்கா காய்ந்த நே லின் இல்லை.
மழை பெய்தது, நாய் தூங்கியது,
பெரியப்பா செத்துப்போனார்;
அந்த வரிசையில் இதையும் உட்கார வைக்கலாம்,
ஒருவரும் எழுந்து கேட்கமாட்டார்கள்.

கோயில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்
இதற்கு நீளமாய் ஒரு பெயர் எழுதிப் போட்டார்கள்:
செயப்படுபொருள் குன்றிய வினை.
அப்போதே நினைத்தேன்,
என்ன தப்புச் செய்துவிட்டு
இப்படிக் குன்றிப்போய் நிற்கிறது இது?

ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் ஒரே 'பிரேக்'.
பின்னால் ஒரு பொருள் வந்து நின்றால்தான்
முன்னால் நிற்பவன் மாட்டிக்கொள்வான்.
நமக்கு ஓர் எழுத்து போதும்.
உடைந்த என்பதில் நகரம் ஒரு மெத்தை விரித்திருக்கிறது.
உடைத்த என்பதில்
மெத்தையை உருவிவிட்டார்கள்.

சாயங்காலம் டீக்கடையில்
சின்ன பிளாஸ்டிக் முக்காலியில்
முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருந்தான் நே லின்.
"எந்த க்வெ போட்டாய்?" என்றான்.
உடைந்தாலும் க்வெ, உடைத்தாலும் க்வெ.
தமிழில் எழுதிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.
பர்மியக் காதுக்குத் தெரியும்:
ஒன்றில் மூச்சு வெளியே வரும்.
உதட்டுக்கு முன் கையை வைத்தால் சுடும்.
அதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கிற க்வெ.

நான் மூச்சு விடவில்லை என்றேன்.

சிரித்தான். என் டீக்கும் அவனே காசு வைத்தான்.
அதுதான் தாங்கவில்லை.

ஏனென்றால் இரண்டு பதினான்குக்கு
மாடி ஜன்னலிலிருந்து நான் அவனைக் கூப்பிட்டேன்.
பெரிய விஷயம் ஒன்றுமில்லை.
ஞாயிற்றுக்கிழமை டலா படகுக்கு வருகிறாயா,
அவ்வளவுதான், அதைக்கூட முழுதாய்க் கேட்கவில்லை.
அவன் திரும்பினான்.
வண்டியும் திரும்பியது.
மற்றது அறிக்கையில் இருக்கிறது.

எழுதாத வாக்கியத்தையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன்:
கூப்பிட்டேன், திரும்பினான், திரும்பியது,
விழுந்தது, உடைந்தன.
இத்தனை வினையில்
இன்னொருவரைத் தொடுவது ஒன்றுதான்.
ஒரே ஓர் ஐ உருபு,
அதுவும் என் வினையோடு.

ஆங்கிலத்தில் 'லை' என்றால் படுத்துக்கொள்.
'லை' என்றால் பொய் சொல்.
இரண்டுக்குமே செயப்படுபொருள் வேண்டாம்.
தமிழில் அந்தச் சலுகை இல்லை.
பொய்யை என்றாவது எடுத்து
வாயில் வைத்தாக வேண்டும்.

வியாழக்கிழமை சிங்கப்பூரிலிருந்து
ஒரு வரிக் கடிதம்: காரணம் என்ன?
ஊ சான் வின் அதன் மேல்
பச்சையில் என் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்.
திங்கட்கிழமைக்குள்.

நாற்பதில் ஒன்று உடையவில்லை.
கணக்கில் அதை நான் காட்டவுமில்லை.
மேஜைக்கு அடியில் இருக்கிறது,
சுவரைப் பார்த்து
திருப்பி வைத்திருக்கிறேன்.