கேள்வி எண் நாற்பத்தேழு

செக்காலை ரோட்டில் மாடியில் இருந்தது
அந்த நகைக்கடன் கம்பெனி.
காசாளர் வேலைக்கு நூற்றிருபது கேள்வி,
ஆளுக்கொரு டேப்லெட்,
ஏசிக் குளிரில் பதினோரு பேர்.

ஆறாவது கேள்வி:
நான் வாழ்க்கையில் பொய்யே சொன்னதில்லை.
எதிரே ஐந்து வட்டங்கள்,
முற்றிலும் ஆம் தொடங்கி முற்றிலும் இல்லை வரை.

நாற்பத்தேழு:
வேலை பார்த்த இடத்தில் எதையாவது
கேட்காமல் எடுத்ததுண்டா?

"எந்த வயசுலேர்ந்து கேக்குறாங்க?"
என்றான் பக்கத்து நாற்காலி சேவுகமூர்த்தி.
பேசக் கூடாது என்றார்கள்.
கடைசிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

போன வருஷம் தேவகோட்டையில்
இதே கேள்விக்கு ஆம் என்று தொட்டவள் நான்.
புதுவயல் மெடிக்கலில் நின்ற காலம்,
ஓர் அட்டை காய்ச்சல் மாத்திரை.
ராத்திரி பத்து மணி, தம்பிக்கு நூற்று மூன்று,
முதலாளி ஊரில் இல்லை.
மறுநாள் சொன்னேன்.
பதினெட்டு ரூபாய் என்று நோட்டில் எழுதிவிட்டு
டீ சொன்னார்.
வட்டத்துக்குள் இந்த டீயை
எங்கே வைப்பது?
சாயங்காலமே மெசேஜ் வந்தது:
தங்கள் நேர்மை எங்கள் அளவுக்குக் குறைவு.

பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம்
கோச்சிங் சென்டரில் எண்ணூறு ரூபாய் கட்டினேன்.
உடையப்பன் சார் சொன்னார்:
"எல்லாத்துலயும் யோக்கியமா இருந்தா
மிஷின் நம்பாதும்மா.
ஆறுல கொஞ்சம் பொய்யா இரு.
நாப்பத்தேழுல சுத்தமா இரு.
நூத்திப் பத்துல அதே கேள்வி
வேற சட்டை போட்டுக்கிட்டு வரும்,
ஆளை அடையாளம் கண்டுக்க."

கண்டுகொண்டேன்.
ரா. அழகுமீனாள்: நேர்மை தொண்ணூற்று நான்கு,
குழுவோடு ஒத்துப்போதல் எண்பத்தெட்டு.
அப்பா தன் அரிசி ஆலையில்,
தன் என்றால் அவர் மூட்டை தூக்கும் ஆலையில்,
எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்.

இன்று முதல் நாள்.
கல்லலில் இருந்து ஓர் அம்மா,
கைக்குட்டை முடிச்சில் முறுக்குச் சங்கிலி,
மகனுக்குப் பாலிடெக்னிக் பீஸ்.
தராசு பன்னிரண்டு கிராம் என்றது.
மேனேஜர் என் காதோரம் குனிந்தார்:
கல்லுக்கு, அரக்குக்கு, அழுக்குக்கு
மூணு கழிச்சிரு.

"இதுல கல்லே இல்லையே சார்."
"வழக்கம்."
"ஏலத்துக்குப் போச்சுன்னா அந்த மூணு?"
அவர் சிரித்தார்.
எண்பத்தெட்டு எடுத்தவளைப் பார்க்கும் சிரிப்பு.

நூற்றிருபதையும் மனதுக்குள் புரட்டிப் பார்க்கிறேன்.
நான் திருடுவேனா என்று கேட்டார்கள்,
என் நண்பர் திருடினால் சொல்வேனா என்று கேட்டார்கள்.
கம்பெனியைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

கழிவு என்ற கட்டத்தில்
சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருக்கிறது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
கைக்குட்டையை நான்காய் மடித்தபடி
அந்த அம்மா கேட்கிறார்:
"எம்புட்டுத்தா நிக்குது?"

இதற்கு வட்டங்கள் இல்லை.