ஒன்றரை மணி நேரம்

துபாயில் ஏறுவது காலை ஐந்தேகால்,
மதுரையில் இறங்குவது பத்தே முக்கால்.
ரம்ஸியா லாத்தா விரல்விட்டுக் கழித்தாள்:
"அஞ்சரை மணி."
திரும்பிப் போகும் டிக்கெட்டையும் கழித்தாள்.
"ரெண்டே முக்கால்.
ஒரே தூரந்தானே தம்பி?"

அங்கே கடிகாரம் பின்தங்கி ஓடுது லாத்தா,
பறக்கிறது ரெண்டு தடவையும் நாலு மணிச் சொச்சம் என்றேன்.
"இல்ல, டிக்கெட்டுல போட்டதுதான் சரி.
போறப்ப சடார்னு போயிருவாக.
வர்றதுதான்..."

கீழக்கரை பஜாருக்குள்
கருவாட்டு வாடையோடு கடல்காத்து.
மஃரிப் பாங்கு கேட்டதும்
முக்காட்டை இழுத்துவிட்டு
போனில் சொன்னாள்:

"இங்கே இருட்டிருச்சு.
உங்களுக்கு இன்னும் வெயில் கிடக்குல்ல,
அந்த ஒன்றரை மணி நேரத்துல
எனக்குன்னு எதுவும் வாங்கப் போகாதீங்க.
சும்மா உக்காந்திருங்க."