முக்கால் லிட்டர்

காலையில் எழுந்ததும் அளந்து ஊற்றுகிறேன்,
முக்கால் லிட்டர்.
மாத்திரைக்கு, காபிக்கு, ரசத்துக்கு,
இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும்போது
ஒரு மிடறுக்கு,
எல்லாம் அதற்குள்.
பாட்டிலில் நகப்பூச்சால் கோடு போட்டது சின்னவள் அமலி.
தவக்காலத்துக்கு மிட்டாயை விட்டிருக்கிறாள்.
அப்பா எதிரில் தண்ணீர் குடிப்பதை
யாரும் சொல்லாமல் அதற்கு முன்பே விட்டுவிட்டாள்;
கொல்லைப்பக்கம் போய்
களவாணி மாதிரி குடித்துவிட்டு வருகிறாள்.

புதுவயல் அரிசி ஆலையில்
பத்தொன்பது வருடம் எடை போட்டவர் சந்தியாகு.
நெல்லைக் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்வார்.
இப்போது வாரம் மூன்று நாள்
காரைக்குடி ஆஸ்பத்திரியில்
மிஷினுக்கு முன்னால் ஒரு எடை, பின்னால் ஒரு எடை.
"என்னையும் காயப்போட்டுத்தான் நிறுக்கிறாங்க, செசீலி"
என்று சிரித்தது முதல் மாதம்.
அப்புறம் சிரிப்பு நின்றது.
செபமும்.

அவர் செபமாலை ஆணியிலேயே தொங்குகிறது.
எடுத்துக் கையில் திணிக்கவில்லை நான்.
ஒரு பத்து மணி அவருக்காக, ஒரு பத்து எனக்காக
என்று பஸ்ஸில் மாற்றி மாற்றி உருட்டுகிறேன்.
கோட்டையூர் தாண்டும்போது பெரும்பாலும்
என் முறையில் தூங்கிவிடுகிறேன்.

கொழுந்தன் இன்னாசி வேறு சபைக்குப் போய்விட்டவர்,
எண்ணெய்க் குப்பியோடு வந்தார்.
"விசுவாசம் இருந்தா அந்த மிஷின் எதுக்கு அண்ணி?"
அழுதுகொண்டேதான் கேட்டார்,
அதனால் கோபம் வரவில்லை.
பூசுங்கள் என்றேன். பூசினார்.
மறுநாள் ஐந்தரை பஸ்ஸுக்கு
அந்த நெற்றியைத் துடைத்து, சட்டை மாட்டிவிட்டு,
ஊசி ஏறும் கையில் பை கொடுக்காமல் கூட்டிப்போனேன்.
என் விசுவாசத்துக்கு பஸ் நேரம் தெரியும்.

பெரிய வெள்ளி. கோவிலில் கரண்ட் இல்லை.
ஏழு வாக்கியங்களில்
பங்குச் சாமியார் ஐந்தாவதுக்கு வந்தார்.
"தாகமாயிருக்கிறேன்."
ஆன்மாக்களின் மேல் தாகம் என்று விளக்கினார்.
இருக்கலாம்.
எனக்குத் தெரிந்தது வெடித்த உதடு.
அடுத்த வீட்டுக் குழாய் திறக்கும் சத்தத்துக்கு
சுவர் பக்கம் திரும்பிக்கொள்ளும் முதுகு.
ஆறாவது வாக்கியத்துக்கு நான் அங்கே இல்லை.

தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது.
வீட்டில் அதே முதுகு.
ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டு; கட்டி ஒன்றுக்கு
இருபது மில்லி என்று கணக்கு.
முந்தானை நுனியில் சுற்றி
உதட்டில் வைத்தேன்.

"பிரசங்கம் முடிஞ்சிருச்சா?"
"இல்ல."
"பாதியிலயா எந்திரிச்சு வந்தே?"
"தாகமா இருக்குன்னாரு. வந்துட்டேன்."

யார் என்று கேட்கவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார்,
பால் குடிக்கிற பிள்ளைபோல், அவசரமாக.
தாடையில் வழிந்ததை
விரலால் வழித்துத் திரும்ப உதட்டிலேயே சேர்த்தேன்.
வெகுநேரம் கழித்து,
"இதையும் நோட்டுல எழுதிரு" என்றார்.

எழுதினேன்:
பெரிய வெள்ளி. மதியம் மூன்று பத்து.
இருபது மில்லி.