நான்காம் படிக்குக் கீழே

"எல்லாம் சரியாகச் செய்திருந்தால்
இப்போது உங்கள் முகப்புப் பக்கம் தெரியும்"
என்றது ஐந்தாம் படி.
எனக்குத் தெரிந்தது வெள்ளை.
மத்தியான வெயிலில் பாலத்தின் மேலிருந்து
பாலாற்று மணலைப் பார்க்கிற வெள்ளை.
ஆறு என்று பலகை மட்டும் இருக்கிறது.

நாலு ராத்திரி.
பகலில் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ கம்பெனி ஸ்டாக் கணக்கு:
இடது கால் நாற்பத்தொன்று, வலது கால் நாற்பது.
அந்த ஒற்றைக் காலைத் தேடத்தான்
சொந்தமாக ஒரு பக்கம் கட்ட உட்கார்ந்தேன்.
காசு கேட்காத ஃப்ரேம்வொர்க்,
யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்றிருந்தது.
"எளிதாக நிறுவுங்கள்" என்றும் இருந்தது.
ஒரே பக்கத்தில் பதினோரு முறை 'எளிதாக'.
எண்ணினேன்.
ஒவ்வொன்றும் தலையில் ஒரு குட்டு.

ஐந்தாம் நாள் விடியற்காலை மூன்றரை,
கீழே ஓர் ஆம்புலன்ஸ்
சைரனை அணைத்துவிட்டு விளக்கை மட்டும் சுழற்றிப் போக,
கோபத்தில் சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினேன்.
வந்துவிட்டது.
அவ்வளவுதான்: நிறுத்து, மறுபடி ஓட்டு.
எழுதியவர்களின் விரலிலேயே இருந்திருக்கிறது அந்த வரி.
விரலில் இருப்பதை யார் எழுதுவார்?

நான் எழுதினேன்.
நான்காம் படிக்குக் கீழே ஒரே வரி.
பதினோரு 'எளிதாக'வையும் பிடுங்கினேன்.
என் இங்கிலீஷை மூன்று தரம் படித்துப் பார்த்து
கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.
பின்லாந்திலிருந்து யுஹானி, பராமரிப்பவர்களில் ஒருவர்:
"நன்றி கெசியா.
ஆனால் இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே?"

அன்று காலை ஆஸ்பத்திரி வாசலில்
எக்ஸ்ரே உறையோடு ஒரு வங்காளத்துக்காரர்
லாட்ஜுக்கு வழி கேட்டார்.
நேராகப் போய் கோமதி டாக்கீஸில் இடது பக்கம் என்றேன்,
ஓட்டை இந்தியில், கையையும் சேர்த்து.
அரை மணி கழித்து, பஸ்ஸுக்கு நின்ற என்னிடமே வந்தார்.
உறையை விசிறியாக்கியிருந்தார்.
"டாக்கீஸ் இல்லையே, தீதி."
இல்லைதான். இடித்துப் பதினாலு வருஷம்.
ஊரே இன்னும் அங்கேதான் திரும்புகிறது.
கூடவே நடந்தேன்.
மீன்சாப்பாடு என்று வங்காளத்தில் எழுதிய பலகை,
அடுத்து பச்சை டிரான்ஸ்ஃபார்மர்,
அங்கே இடது.
பஸ் போய்விட்டது.

இரவு யுஹானிக்கு எழுதினேன்:
"எல்லாரும் என்றால் யார்?
எனக்குத் தெரியாது. எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்."
அனுப்பிய பிறகுதான் காரம் கூடியது தெரிந்தது.
ஒன்பது நாள் சத்தமில்லை.
கத்திரி முடிந்ததாகக் காலண்டர் சொன்னது,
வேலூர் கேட்கவில்லை.

பத்தாம் நாள் வந்தது:
"ஒன்றுமே இல்லாத புது மடிக்கணினியில்,
நம் பக்கத்தை மட்டும் படித்துச் செய்தேன். வெள்ளை."
ஓர் இடைவெளி விட்டு:
"ஏழு வருஷமாக இதை எழுதுகிறவன் நான்."
இணைத்துவிட்டார்.

கம்பெனியில் சொன்னேன்.
"எவ்ளோ குடுத்தாங்க?" என்றார் ஸ்டோர்ஸ் முனவ்வர் அண்ணன்.
ஒன்றுமில்லை.
"அப்ப இன்னாத்துக்கு?"
பதில் யோசித்தபடி நாற்பது வலது கால்களைத்
திரும்ப எண்ணினேன். நாற்பதுதான்.

நேற்று இரவு லிமாவிலிருந்து யாரோ:
"நீங்கள் சேர்த்த வரி
விண்டோஸில் வேலை செய்யவில்லை.
தப்பு என்மேலா?"

இல்லை, என்று முதலில் அடித்தேன்.
அடுத்த சொல்லுக்குள்
தோட்டப்பாளையம் முழுக்கக் கரண்ட் போனது.
செல்போனில் பதினெட்டு சதவீதம்.
விண்டோஸ் கம்ப்யூட்டர் யாரிடம் இருக்கும் என்று
இருட்டில் ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.