ஓடுபாதையில் ஒரு பள்ளம்

கடைசிப் படகு மடலேனாவுக்குப் போன பிறகு
டிக்கெட் கவுண்டரைப் பூட்டிவிட்டு வந்து
விமானத்தை இறக்கப் பார்க்கிறேன்.
ஃபையால் தீவு. மேல்காற்று. மேகம் குறைவு.
சக்கரம் தொட்டதும் நிலம் வாய் பிளக்கிறது.

ஓடுபாதை நடுவில் ஆளுயரப் பள்ளம்.
டெர்மினலுக்குள் இன்னொரு டெர்மினல்,
ஒரே சட்டைக்குள் இரண்டு பேர்
கைநுழைத்த மாதிரி.
எரிபொருள் லாரி இடுப்புவரை சிமெண்டில்.

கிறிஸ்துமஸுக்குக் காசு கொடுத்து வாங்கிய விமான நிலையம் ஒன்று.
அதற்கும் முன்னால் யாரோ சும்மா செய்து கொடுத்தது ஒன்று.
சும்மா வந்ததைத் தூக்கினேன்.
டெர்மினல் ஒன்றானது.
பள்ளம் அசையவில்லை.

எண்பத்து நான்கு ஃபோல்டர்கள்.
பாதியை வெளியே வைத்தேன்: இருக்கிறது.
மிச்சத்தில் பாதி: இருக்கிறது.
ஒவ்வொரு முறையும் சிமுலேட்டர் எழுந்து வர
ஆறு நிமிஷம்.
முதல் ஆறில் பாத்திரம் கழுவினேன்.
இரண்டாவது ஆறில்
ஒடீலியா கதவருகே வந்து
"இறங்கியாச்சா?" என்றாள்.
"தோண்டிக்கொண்டிருக்கிறேன்."

இருபத்தொன்று. பத்து. ஐந்து.
லிஸ்பன் தெருவிளக்குகள், மீன்பிடிப் படகுகள்,
புள்ளி போட்ட மாடுகள் (இதற்குக்கூட ஒரு ஃபோல்டர்),
கடைசியில்
நான் சந்தேகப்படாத ஒன்று:
பிக்கோ மலை.

நீரிணைக்கு அந்தப் பக்கம்,
தினமும் என் கவுண்டர் கண்ணாடியில் நிற்கிற மலை.
உச்சிப் பாறை ஒவ்வொன்றுக்கும் மெனக்கெட்டவன்
போகிற போக்கில்
எங்கள் ஓடுபாதையையும் ஒரு தட்டுத் தட்டிச்
சமன் செய்துவிட்டுப் போயிருக்கிறான்,
இரண்டு மீட்டர் கீழே.
நாற்பது கிலோபைட். துளிக் கோப்பு.
உபகாரம் என்றுதான் நினைத்திருப்பான்.

அழிக்க மனம் வரவில்லை.
கோப்புப் பெயரின் வாலில்
'வேண்டாம்' என்று ஒட்டினேன்.
மறுபடி ஆறு நிமிஷம்.
மலை நின்றது.
பாதை நிமிர்ந்தது.

இரவு ஒன்றரைக்கு இறங்கினேன்.
தடக் என்ற சத்தம்கூட இல்லை.
சொல்லலாம் என்று திரும்பினால்
ஒடீலியா எப்போதோ தூங்கிவிட்டாள்.

திரையில் இன்னும் மிச்சம்
இரண்டு காற்றுப்பைகள்,
பத்தடி தள்ளித் தள்ளி,
ஒன்று கிழக்கே காட்டுகிறது, ஒன்று வடக்கே.
எது எந்த ஃபோல்டர் என்று தேடலாம்தான்.

வெளியே நிஜக் காற்று
ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்க்கிறது.
காலை ஏழரைப் படகு போகுமா என்று
இப்போது யாராவது கேட்டால்
என்னிடமும் இரண்டு பதில்.
விட்டுவிட்டேன், இரண்டையும்.